பின் பார்வதி கணவாய்: மதுரையிலிருந்து நான்கு பேர், கையில் 11 நாள்

செல்லூர்_சைக்கிள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் ஒரே ஆபீஸ், நாலாவது ஆள் என் மச்சான். வயது 29இலிருந்து 43 வரை. வருகிற செப்டம்பரில் பின் பார்வதி கணவாயைக் கடப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இமாச்சலத்தில் குல்லு பக்கம் பர்ஷேனியில் நடக்க ஆரம்பித்து, 5,319 மீட்டரில் கணவாயைத் தாண்டி, ஸ்பிதி பக்கம் முத் என்ற ஊரில் இறங்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடை.

இமயமலையில் இதுவரை யாரும் கால் வைத்ததில்லை. ஆனால் மலைக்குப் புதியவர்களும் இல்லை. சதுரகிரிக்கு எத்தனை தடவை போயிருப்போம் என்று கணக்கே இல்லை. வெள்ளியங்கிரி வருடா வருடம். மச்சான் தினமும் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 10 கிலோமீட்டர் ஓடுகிறான். லீவு, சனி ஞாயிறு எல்லாம் சேர்த்து 11 நாள் தேறும். விமானத்தில் டெல்லி, அங்கிருந்து இரவு பஸ்ஸில் பூந்தர், மறுநாளே நடை. இதுதான் திட்டம்.

கேள்விகள்: மதுரையைச் சுற்றி எங்கே பயிற்சி எடுக்கலாம்? ஷூ, ஜாக்கெட் இங்கேயே வாங்க வேண்டுமா, அங்கே வாடகைக்குக் கிடைக்குமா? உயரத்துக்கு ஏதோ மாத்திரை இருக்கிறதாமே, அது அவசியமா? கூட்டிப்போகும் ஆட்கள் இல்லாமல் நாங்களே போக முடியுமா?

போடிக்காரன்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. கணவாய்க்கு ஏறும் வழி பனியாறு, அதாவது மலைச்சரிவில் உறைந்து கிடக்கும் பெரும் பனிக்கட்டி. அதில் வெடிப்புகள் உண்டு. மேலே புதுப்பனி மூடியிருந்தால் வெடிப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வழி தெரிந்தவர் முன்னால் போக, இடுப்பில் கயிறு கட்டி வரிசையாக நடக்க வேண்டிய இடம் அது. சதுரகிரியில் வழி தவறினால் பின்னால் வரும் கூட்டத்தைக் கேட்டுக்கொள்ளலாம். அங்கே பின்னால் யாரும் வரமாட்டார்கள்.

நான் ஆறு வருடம் முன்பு அந்தக் கணவாயைக் கடந்தேன். இரண்டாவது முயற்சியில். முதல் தடவை மண்தலாய் ஏரி வரை போய்த் திரும்பிவிட்டோம். மூன்று நாள் மழை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து சீட்டாடிச் சீட்டாடி, நாலாம் நாள் மூட்டையைக் கட்டினோம்.

நமக்குத் தெரிந்த கணவாய் ஆண்டிப்பட்டிக் கணவாய்தான். பஸ்ஸில் தூங்கி எழுந்தால் தேனி வந்துவிடும். அதனால் கணவாய் என்றதும் சிகரத்தை விடச் சுலபம் என்று தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யோசித்துப் பாருங்கள். சிகரம் ஏறுகிறவன் போன வழியே திரும்புகிறான். பாதி வழியில் முடியவில்லை என்றால் தெரிந்த பாதையில் இறங்கிவிடலாம். கணவாயைத் தாண்டியவனுக்கு அந்த வசதி இல்லை. தாண்டிய பிறகு ஒருவனுக்கு உடம்பு முடியாமல் போனால், முன்னால் இரண்டு நாள் நடந்தால் முத், பின்னால் போனால் மறுபடி அதே பனியாறு. நடுவில் ரோடும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை.

வானிலையும் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. எங்கள் ஊர்க்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் மூணாறு நனைந்துகொண்டிருக்கும், இந்தப் பக்கம் போடி காய்ந்து கிடக்கும். அங்கேயும் அதே கதைதான். பார்வதி பக்கம் தேவதாரு, புல்வெளி, மழை, சேறு. கணவாய் மேலே நின்று கிழக்கே பார்த்தால் ஒரு மரம் கிடையாது, பழுப்பு மண்ணும் பாறையும்தான். ஸ்பிதி வெயில் அடிக்கிறது என்று நம்பிக் கிளம்பக் கூடாது. நீங்கள் ஏறப்போவது மழைப் பக்கத்திலிருந்து.

இப்போது உங்கள் 11 நாள் கணக்குக்கு வருகிறேன். மதுரையிலிருந்து பர்ஷேனி போய்ச் சேர இரண்டு நாள். முத்திலிருந்து காசா, அங்கிருந்து குன்சம் கணவாய் வழியாக மணாலி, டெல்லி, மதுரை என்று திரும்ப மூன்று நாள். ரோடு ஒழுங்காக இருந்தால்தான் மூன்று. மிச்சம் ஆறு நாள். ஆறு நாளில் அந்த நடையை முடிக்கிறவர்கள் அந்த மலையில் ஆடு மேய்க்கிற கத்தி (Gaddi) இனத்தவர்கள். நாம் இல்லை.

யானைமலை_அடிவாரம்

போடி அண்ணன் சொன்னதற்கு மேலே என் கதையைச் சேர்க்கிறேன். நாங்கள் போனது பின் பார்வதி கூட இல்லை, ஹம்ப்டா. 4,270 மீட்டர்தான். எல்லோரும் ஆரம்பக்காரர்களுக்கானது என்று சொல்கிற கணவாய்.

கூட்டிப்போன நிறுவனத்தின் அட்டவணையில் ஓய்வு நாளே இல்லை. மணாலியில் இறங்கிய அன்றைக்கே ஜீப்பில் ஜோப்ராவுக்கு ஏற்றிவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவன், பெயர் வேண்டாம், உசிலம்பட்டிக்காரன், கபடி ஆடுகிற உடம்பு. பாலூ கா கேரா கூடாரத்தில் ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றான். தலைவலியா என்று கேட்டால் இல்லை என்கிறான். மறுநாள் கணவாய், தன்னால் எல்லோருக்கும் கெட்டுப்போகக் கூடாது என்று மறைத்திருக்கிறான். எங்களுக்கும் கேட்டுத் துருவ மனசில்லை. காசு கட்டி வந்திருக்கிறோமே.

கணவாயைத் தாண்டி ஷியா கோரு இறங்கிய ராத்திரி, பக்கத்துத் தூக்கப்பையில் இருமல் சத்தம். முதலில் வறட்டு இருமல் என்று நினைத்தேன். இரண்டு மணி வாக்கில் காதை வைத்துக் கேட்டால் மூச்சுக்குள் கொழகொழவென்று ஒரு சத்தம். ஹுக்காவில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், உதடு நாவல்பழம் தின்ற நிறம். உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது, படுத்தால் இல்லை.

இருட்டோடு இருட்டாக இரண்டு வழிகாட்டிகள் மாறி மாறி முதுகில் சுமந்து சத்ரு என்ற இடத்துக்கு இறக்கினார்கள். அங்கே ரோடு இருந்தது, வண்டி கிடைத்தது, பிழைத்தான். இப்போது ஒத்தக்கடையில் கடை வைத்து நன்றாக இருக்கிறான். ஹம்ப்டா என்பதால் விடிவதற்குள் ரோடு வந்தது. பின் பார்வதியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

மயக்கமருந்து

நான் டாக்டர், பெயரைப் பார்த்தாலே எந்தத் துறை என்று தெரியும். மேலே சொன்னது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிற நிலை. அதற்கு முதல் மருந்து இறங்குவது. ஆக்சிஜனும் மாத்திரையும் இறங்குவதற்குத் துணை, இறங்குவதற்குப் பதில் அல்ல. உசிலம்பட்டித் தம்பியை ராத்திரியோடு இறக்கியதுதான் அவரைக் காப்பாற்றியது. விடியட்டும் என்று காத்திருந்தால் சொல்வதற்கில்லை.

5,300 மீட்டரில் காற்றழுத்தம் மதுரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அதே 21 சதவீதம்தான், ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது பாதி. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். நீங்கள் முதல் இரவு தங்கப்போகிற கீர்கங்கா கிட்டத்தட்ட 2,950. அதாவது இங்கே ஏறிய எந்த மலையும் உங்கள் நுரையீரலுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. காலுக்குச் சொல்லியிருக்கும், அவ்வளவுதான்.

ஓட்டக்காரர் மச்சானிடம் இதை அவசியம் சொல்லுங்கள். நல்ல உடல் தகுதி உயர நோயைத் தடுக்காது. பல சமயம் தகுதியான ஆள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்.

3,000 மீட்டருக்கு மேல் தூங்குகிற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை, ஏறாமல் அதே உயரத்தில் ஒரு நாள். பகலில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், தூங்குவது கீழே. தலைவலியோடு வாந்தி உணர்வு, சோர்வு, தலைசுற்றல் சேர்ந்தால் அது உயர நோய்தான், வேறு காரணம் நிரூபணம் ஆகும் வரை. அன்றைக்கு மேலே போகாதீர்கள். நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். குடித்தவன் மாதிரித் தள்ளாடினால் மூளை வீங்க ஆரம்பித்துவிட்டது, உடனே இறக்க வேண்டும்.

மாத்திரை: அசெட்டசோலமைடு. தடுப்புக்குப் பெரியவர்களுக்குப் பொதுவாக 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏற்றம் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து. உங்கள் டாக்டரைப் பார்க்காமல் வாங்காதீர்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனி சுறுசுறுக்கும், அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டிவரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். இங்கேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். 43 வயதுக்காரர் யாரோ, அவர் பிபி, சுகர், ஈசிஜி பார்த்துவிட்டுக் கிளம்பட்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொண்டுபோங்கள், ஆனால் எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், எண்ணைப் பார்த்துத் தைரியப்படவும் வேண்டாம். ஆளைப் பாருங்கள்.

செல்லூர்_சைக்கிள்

எல்லோருக்கும் நன்றி. ஆனால் கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன் என்பது உண்மை. மச்சானிடம் காட்டினேன். "இணையத்தில் எல்லோரும் இப்படித்தான் பயமுறுத்துவார்கள்" என்கிறான். ஒரு நிறுவனம் எட்டு நாளில் கடத்திவிடுவதாகச் சொல்கிறது. அது எப்படி முடியும்? இன்னொன்று, துபாயில் இருக்கும் சித்தப்பா பையனிடம் சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவி ஒன்று இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு போனால் சிக்னல் பிரச்சினை தீருமே?

போடிக்காரன்

அந்தக் கருவியைத் தொடாதீர்கள். சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியோ, அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். ஏர்போர்ட் சோதனையில் மாட்டி வெளிநாட்டுக்காரர்களே கைதாகியிருக்கிறார்கள். பார்வதி கணவாய்க்குக் கிளம்பி டெல்லி போலீஸ் ஸ்டேஷனில் முடிய வேண்டாம்.

எட்டு நாள் எப்படி என்று கேட்டீர்கள். உயரத்தை எழுதிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். கீர்கங்கா 2,950. துண்டா புஜ் சுமார் 3,300. தாகுர் குவான் 3,500 வாக்கில். ஓடி தாச் 3,700 வாக்கில். மண்தலாய் 4,100. இதுவரை டாக்டர் சொன்ன கணக்குக்குள் வருகிறது. அதற்குப் பிறகுதான் வினை. மண்தலாயிலிருந்து பனியாற்றின் ஓரத்துக் கூடாரம் போட 4,900 வரை ஏற வேண்டும். ஒரே நாளில் 800 மீட்டர். மறுநாள் விடியும் முன் கணவாய். எட்டு நாள்காரர்கள் கத்தரிப்பது இந்த இடத்தைத்தான். மண்தலாயில் ஓய்வு நாளை எடுத்துவிடுவார்கள், நடுவில் ஒரு கூடாரத்தையும் எடுத்துவிடுவார்கள். விலை குறையும்.

ஆகவே நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு காசு என்பதல்ல. மண்தலாயில் எத்தனை ராத்திரி? ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை, பனியாற்றுக்குக் கயிறு இருக்கிறதா? ஒருவன் நோயாகி இறங்கினால் அவனோடு இறங்க வழிகாட்டி தனியாக இருக்கிறாரா? நாலாவது, வானிலை கெட்டால் உதிரி நாள் உண்டா. இதற்கெல்லாம் நேரடியாகப் பதில் சொல்லாமல் போட்டோ அனுப்பினால், அடுத்த ஆளைப் பாருங்கள்.

என் கணக்கு: நடை 10 நாள், உதிரி 2, போக 2, திரும்ப 3. மொத்தம் 17. ஜாக்கெட், ஷூ எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், லீவு கிடைக்காது. ஆறுகளைக் காலையிலேயே தாண்ட வேண்டும், மத்தியானம் பனி உருகித் தண்ணீர் ஏறிவிடும். முழங்காலுக்கு இருந்தது மூன்று மணிக்கு இடுப்புக்கு வரும். நாள் கையில் இருப்பவன் கரையில் கூடாரம் போட்டுக் காலை வரை காத்திருப்பான். இல்லாதவன் இறங்கிவிடுவான்.

2014 அக்டோபரில் நேபாளத்தில் தொரோங் லா கணவாயிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் மாட்டி 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கணவாயும் 5,416 மீட்டர்தான். நல்ல சீசன் என்று எல்லோரும் போகிற மாதம் அது. 2023 ஜூலை மழையில் சந்திரதால் ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகள் முந்நூறு பேருக்கு அருகில் நாள்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள், ரோடு பக்கத்திலேயே.

பயமுறுத்துகிறேன் என்று மச்சான் நினைக்க வேண்டாம். அந்தப் பாதையில் பாண்டு புல் என்று ஓர் இடம். ஆற்றுக்குக் குறுக்கே பெரும் பாறைகள் பாலமாகக் கிடக்கின்றன, பீமன் போட்டது என்கிறார்கள். நம்மூரில் குகையில் சமணர் கல் படுக்கையைப் பார்த்தால் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்லிவிடுகிறோமே, அதே பாண்டவர்கள்தான். பாறை மேல் தவழ்ந்து தாண்டும்போது கீழே பார்வதி ஆறு போடுகிற சத்தம் நெஞ்சுக்குள் அதிரும். போக வேண்டிய இடம்தான். எப்போது என்பதுதான் கேள்வி.

கூடல்_குசும்பன்

இத்தனை ஆயிரம் செலவழித்துச் சோறு வேகாத ஊருக்குப் போய் மூச்சு முட்டுவதற்கு, பேசாமல் சித்திரைத் திருவிழாவில் ஆற்றுக்குள் நின்றால் போதாதா? அதே மூச்சுமுட்டல், செலவு பஸ் டிக்கெட்.

மயக்கமருந்து

சோறு வேகாது என்பது மட்டும் உண்மை. அந்த உயரத்தில் தண்ணீர் 83 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு கல்தான்.

வைகைக்கரை_அக்கா

குசும்பனுக்கு வருடா வருடம் இதே ஜோக். சரி, யாரும் பயிற்சி பற்றிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நான் ரூபின் கணவாய் (4,650) தாண்டியிருக்கிறேன், 46 வயதில்.

தம்பி, ஓட்டம் நல்லது, ஆனால் மலையில் யாரும் ஓடுவதில்லை. சுமையோடு ஏறி, சுமையோடு இறங்க வேண்டும். அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து சோலைமலை வழியாக நூபுர கங்கை வரை ரோட்டில் நான்கு கிலோமீட்டர் சொச்சம். முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி 10 கிலோ ஆக்கிக்கொண்டு, வெயிலுக்கு முன் இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். ராக்காயி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு இறங்குகிற சாமர்த்தியம் வேண்டாம். இறக்கத்தில்தான் தொடையும் முட்டியும் பழக வேண்டும். குரங்குகள் ஜாக்கிரதை, என் பையின் ஜிப்பைத் திறக்கவே ஒன்று கற்றுக்கொண்டது. வாரநாளில் நேரமில்லை என்றால் கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகள். கருப்பணசாமி கோவில் குளத்தில் தாமரை பார்த்துக்கொண்டே காலை நீட்டலாம்.

பெரிய சோதனைக்கு, கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானல் ஏறுகிற பழைய பாதை. பெரியகுளம் வெக்கையில் தொடங்கிக் கொடைக்கானல் குளிருக்கு ஒரே மூச்சாக ஏறுவது. வெள்ளகவிக்குள் செருப்புப் போடக் கூடாது, ஊர் வழக்கம், ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் காட்டுப் பாதையானாலும் வனத்துறை அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தீக்காயத்தோடு வந்தவர்களை மதுரையில்தானே சேர்த்தார்கள்.

ஷூவை இங்கேயே வாங்குங்கள், மூன்று மாதம் முன்னாலேயே. கால் வீங்குகிற சாயங்கால நேரத்தில் கடைக்குப் போய், தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் பெருவிரல் முன்னால் இடித்தால் அரை சைஸ் பெரிது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ரூபினில் எனக்கு இரண்டு நகம் கறுத்து விழுந்தது. இறகு ஜாக்கெட், ஷூவின் அடியில் மாட்டும் பனி முள், ஷூவுக்குள் பனி போகாமல் காலில் கட்டும் உறை எல்லாம் மணாலியில் வாடகைக்குக் கிடைக்கும். பருத்தி பனியன், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பனியில் நடக்கக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம், மேகமூட்டமாக இருந்தாலும். போடாமல் விட்டால் ராத்திரி கண்ணில் மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி எரியும்.

சாப்பாடு பற்றி ஒன்று. உயரத்தில் பசியே எடுக்காது, கொடுப்பது உருளைக்கிழங்கும் ரொட்டியும். மூன்றாம் நாள் நாக்கு செத்துவிடும். கோவில்பட்டி கடலைமிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, ஒரு டப்பா புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டுபோங்கள். கணவாய் அன்று காலை மூன்று மணிக்கு எனக்கு இறங்கியது புளிக்காய்ச்சல் பிசைந்த நாலு வாய் சோறு மட்டும்தான். சமையல்காரர் ருசி பார்த்துவிட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

செல்லூர்_சைக்கிள்

ஒரு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். வீட்டில் பஞ்சாயத்து.

கடைசியில் இப்படி முடிவாகியிருக்கிறது. இந்தச் செப்டம்பரில் ஹம்ப்டா. மணாலியில் இறங்கி இரண்டு ராத்திரி சும்மா இருப்பது, அதில் பேரம் கிடையாது. பிறகு நடை, முடிவில் சந்திரதால். 11 நாளில் ஓர் உதிரி நாளும் மிஞ்சுகிறது. பின் பார்வதி அடுத்த வருடம், 17 நாள். மேனேஜரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டோம். அவர் சிரித்தார், மறுக்கவில்லை.

43 வயது அண்ணனுக்கு ஈசிஜி சரியாக இருக்கிறது, பிபி கொஞ்சம் அதிகம், மருந்து ஆரம்பித்திருக்கிறார். மச்சான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று ராத்திரி யானைமலை அண்ணன் எழுதியதைத் திரும்ப வாங்கிப் படித்தான். ஒன்றும் சொல்லவில்லை. தலைவலி வந்தால் மறைக்க மாட்டேன் என்று அவன் அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறானாம், அத்தை போனில் சொன்னார்.

இன்னொரு சந்தேகம்: விமானத்தை விட்டுவிட்டு ரயிலில் போனால்? மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேரடி வண்டி இருக்கிறதே.

போடிக்காரன்

வாரத்தில் இரண்டு நாள் இருக்கிறது. ஆனால் போக மட்டுமே இரண்டு நாளுக்கு மேல் ஆகும், உங்கள் உதிரி நாளை அது தின்றுவிடும். போக விமானம், திரும்ப ரயில் என்று வைத்துக்கொள்ளலாம் என்றால் லீவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பவர்பேங்கைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் ஏர்போர்ட்டில் எடுக்கச் சொல்வார்கள். அடுப்புக்கான கேஸ் டப்பா விமானத்திலும் ரயிலிலும் கூடாது, அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.

வைகைக்கரை_அக்கா

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு அழகர்கோவில் அடிவாரத்தில் இருப்பேன். நான்கு பேரும் வாருங்கள். பையை நான் தூக்கிப் பார்ப்பேன், 10 கிலோவுக்குக் குறைந்தால் கல் போடுவேன்.

செல்லூர்_சைக்கிள்

வருகிறோம் அக்கா. மச்சான் 12 கிலோ கொண்டுவருகிறானாம்.

மயக்கமருந்து

முதல் நாள் 6 கிலோ போதும் என்று அவரிடம் சொல்லுங்கள்.